டிஸ்சார்ஜுக்குப் பிறகு யார் பொறுப்பு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குடிநோய் சிகிச்சைக்குப் படுக்கைகள் போதவில்லை என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உண்மைதான். ஆனால் எங்கள் காசிமேட்டில், படுக்கையிலிருந்து எழுந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

என் தம்பி விசைப்படகில் போகிறவன். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவனைச் சேர்க்க முடிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில் கிடக்கும், ஆளும் கையில் கிடைப்பான். கை நடுக்கம் நின்றது, வயிறாரச் சாப்பிட்டான். டிஸ்சார்ஜ் சீட்டில் 'இரண்டு வாரம் கழித்து வரவும்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தேதியில் அவன் கடலில் இருந்தான். கரைக்கு வந்தால் பங்குப் பணம் கையில், கூட்டாளிகள் பக்கத்தில். அப்புறம் என்ன, பழைய கதைதான். ஏன் வரவில்லை என்று கேட்டு ஒரு போன்கூட வரவில்லை. மறுபடி அழைத்துப் போனால் வேறு டாக்டர், வேறு நோட்டு, "எத்தனை வருஷமா குடிக்கிறார்?" என்று முதலிலிருந்து கேள்வி.

டாக்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஓ.பி. வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நோயாளிக்கும் கேஸ் மேனேஜர் என்று ஒருவர் இருக்க வேண்டும். படகு எப்போது திரும்பும், வட்டிக்கு எங்கே வாங்கியிருக்கிறான், வீட்டில் யார் சொன்னால் கேட்பான் என்பதெல்லாம் தெரிந்துகொண்டு தேதி கொடுக்கிறவர். வராவிட்டால் தேடி வருகிறவர். குடியை நிறுத்துவதற்காகக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையை ஆளுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும் வீடுகள் உண்டு. அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆத்திரத்தில் கலக்கிற மனைவிக்கு இதை ஒருவர் வீட்டில் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும்.

முடியாத காரியம் ஒன்றுமில்லை. காசநோய் மாத்திரையை இடையில் நிறுத்தினால் சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வருகிறார். சர்க்கரை, பிரஷர் மாத்திரை 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வாசலுக்கே வருகிறது. குடிநோயாளியை மட்டும் ஏன் 'வந்தால் வரட்டும்' என்று விடுகிறோம்? 2025ல் அரசு குடி, போதையிலிருந்து மீட்கும் 25 'கலங்கரை' சிகிச்சை மையங்களைத் திறந்தது, நல்ல விஷயம். அந்த மையங்களின் கணக்கில் காசிமேட்டுக்கென்று ஒருவரை, அடுத்த தடைக்காலத்துக்கு முன்பாவது போடட்டும். விடியற்காலையில் அவர் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் வந்து நின்றாலே போதும், தேதி தவறியவர்களில் பாதிப் பேரை அங்கேயே பிடித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காசிமேடு, சென்னை