அட்டவணையில் இல்லாத மணி நேரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையிலிருந்து வெளிநாட்டு நகரங்களுக்கு எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று கடந்த ஞாயிறு இதழில் ஓர் அட்டவணை போட்டிருந்தீர்கள். பிள்ளைகளைப் பார்க்கத் தனியாகக் கிளம்பும் பெரியவர்கள் பலர் அதை வெட்டி எடுத்து வைத்திருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மே மாதம் என் அம்மா அமெரிக்காவின் டாலஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார். 71 வயது, சர்க்கரை உண்டு. டிக்கெட்டில் அதிகாலை 4 மணிக்குப் புறப்பாடு, அதே நாள் மாலை 4 மணிக்குச் சேர்வு என்று இருந்தது. "பன்னிரண்டு மணி நேரம்தானே, ரயிலில் டெல்லி போகிற நேரத்தில் பாதிகூட இல்லை" என்றார். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். இரண்டுமே அந்தந்த ஊர் நேரம் என்பது வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மே மாதத்தில் டாலஸ் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஆக, பயணம் இருபத்திரண்டரை மணி நேரம். தோஹாவில் இறங்கி விமானம் மாற வேண்டும். அங்கிருந்து ஒரே மூச்சில் ஏறக்குறைய 16 மணி நேரம் பறக்க வேண்டும். மூன்று மணி நேரம் முன்னதாக மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டுமே என்று பெரம்பூரிலிருந்து இரவு பதினொன்றரைக்கே கிளம்பியிருந்தோம். டாலஸில் இறங்கி, குடியேற்ற வரிசையில் நின்று தங்கை வீட்டுப் படியேறும்போது 30 மணி நேரம் ஓடிவிட்டது. ஒரு வேளைக்கான மாத்திரையை மட்டும் கைப்பையில் வைத்துவிட்டு, மிச்சத்தைப் பெரிய பெட்டியில் போட்டது எங்கள் தவறு. தங்கை வீடியோவில் அம்மாவின் கால்களைக் காட்டினாள். இரண்டு பாதமும் வீங்கி, செருப்பு வார் ஆழமாகப் பதிந்திருந்தது. இப்போது நினைத்தாலும் மனசு கேட்கவில்லை.

தூரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் மகனின் பூகோள உருண்டையில் தோஹாவுக்கும் டாலஸுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தோம். அட்லாண்டிக்கைக் குறுக்கே நேராகக் கடக்கும் என்று நினைத்தேன். நூல் வடக்கே ஏறி, ஐஸ்லாந்தைத் தொட்டு, கிரீன்லாந்தின் தென்முனை வழியாக இறங்கியது. சுவரில் மாட்டும் வரைபடத்தில் சுற்றுவழி போலத் தெரிவதுதான் உண்மையில் குறுக்குவழி.

அப்புறம், காற்று. லண்டன் இங்கிருந்து சுமார் 8,200 கிலோமீட்டர். போகும்போது ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகும். திரும்பும்போது 10 மணி நேரத்தை ஒட்டி வந்துவிடலாம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் காற்று, போகும்போது எதிர்க்கிறது, வரும்போது தள்ளிவிடுகிறது. உங்கள் அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே எண்தான் இருக்கிறது.

அடுத்த முறை போடும்போது பறக்கும் நேரம், இடையில் காத்திருக்கும் நேரம், இரண்டு ஊருக்கும் உள்ள நேர வித்தியாசம் மூன்றையும் தனித்தனியாகப் போடுங்கள். எந்த மாதக் கணக்கு என்பதும் வேண்டும். நவம்பரில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிடுவதால் டாலஸ் வித்தியாசம் பதினொன்றரை மணி நேரம் ஆகிவிடும். அம்மா டிசம்பரில் மறுபடியும் போகிறார். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள், அவரே படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை