ஈரலில் வெள்ளைப் புள்ளி

பாஷையூர்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள பிள்ளைக்கு,

அப்பா எழுதுவது. பால் மறந்த பண்டிக் குட்டிகள் இருமுகின்றன, மலத்தைச் சோதித்ததில் பூச்சி முட்டை இல்லை, ஆனபடியால் பூச்சி இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த "ஆனபடியால்"தான் பிழை.

உருண்டைப் புழு என்ற குடல் பூச்சியின் முட்டையைக் குட்டி விழுங்கினால், குஞ்சுப் புழு பெருங்குடல் சுவரைத் துளைத்து இரத்தத்தோடு ஈரலுக்குப் போகும். ஒரு கிழமையில் நுரையீரல். அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, திரும்ப விழுங்குப்பட்டு, பத்தாம் நாளளவில் சிறுகுடலுக்கு வந்து சேரும். அது வளர்ந்து முட்டையிட, தொற்றின நாளிலிருந்து 6 முதல் 8 கிழமை வேண்டும். உன்னுடைய குட்டிகளுக்கு வயதே 6 கிழமை. மலத்தில் முட்டை எப்படி வரும்? இருமலுக்கு வேறு நோயும் காரணமாகலாம், மிருக வைத்தியரிடம் காட்டு. ஆனால் மலச் சோதனையை நம்பிப் பூச்சியைத் தள்ளிவிடாதே.

வெட்டின பண்டியின் ஈரலில் வெள்ளைப் புள்ளி கண்டதாகக் கடைசி வரியில் போட்டிருந்தாய். அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேணும். ஒரு சதமீற்றர் அளவில், விளிம்பு மங்கி, பால் தெறித்ததுபோல் இருந்ததா? அது புழு அல்ல. புழு போன தடத்தில் இயோசினோபில் என்ற வெள்ளையணுக்கள் வந்து குவிந்து, பிறகு நார் படிந்த இடம். பண்டியின் உடம்பு சண்டை பிடித்த அடையாளம். ஏறத்தாழ 5 கிழமையில் மறைந்துவிடும். புள்ளி இருந்தால், கொட்டிலில் இப்போதும் முட்டை இருக்கிறது என்றுதான் கணக்கு.

பெரிய சண்டை நடப்பது குடலில். சிறுகுடலுக்குத் திரும்பின குஞ்சுகளில் பெரும்பகுதியை, தொற்றி 14 முதல் 21 நாளுக்குள் குட்டியே வெளியே தள்ளிவிடும். குடலில் சளி பெருகும், தசை இறுகி அசையும், நீர் சுரந்து கழுவும். இன்டர்லூக்கின் 4, 13 என்ற சைகைப் புரதங்கள் கொடுக்கும் கட்டளை அது. எல்லாக் குட்டியும் ஒரே அளவில் செய்யாது. அதனால்தான் ஒரே ஈற்றில் ஒன்று கொழுக்க, ஒன்று வயிறு தள்ளி மெலிந்து நிற்கும். அந்த மெலிந்ததை முதலில் பார். பலமுறை தொற்றினபின் குடல் சுவரே குஞ்சை மறிக்கப் பழகும், ஆனால் அதற்கு மாதங்கள் செல்லும்.

தாய் இதில் எவ்வளவு உதவும்? பண்டியின் நச்சுக்கொடி வழியாக எதிர்ப்புப் புரதம் குட்டிக்குப் போகாது, குட்டி வெறுங்கையோடுதான் பிறக்கும். ஈன்றவுடன் சுரக்கும் கடும்புப்பாலில் கிடைப்பதே முதல் காவல். 24 மணித்தியாலம் போனால் குடல் அதை உறிஞ்சாது. முதல் 6 மணித்தியாலத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் முலை பிடித்ததா என்று நின்று பார். புழுவுக்கு எதிரான சண்டையைப் பெரும்பாலும் குட்டி தானேதான் பழக வேணும்.

ஒன்று, இரண்டு கிழமைக் குட்டிக்கு மஞ்சளாய்ப் பசைபோல் கழிந்தால் பூச்சி மருந்து கொடுத்துக் காசைக் கரைக்காதே. அது அனேகமாகக் கொக்சிடியா என்ற நுண்ணுயிர், புழு அல்ல. 5 வீத டொல்ட்ராசுரில் என்ற மருந்தை, பிறந்து 3 முதல் 5 நாளுக்குள், கிலோவுக்கு 0.4 மில்லிலீற்றர் வாயில் ஒருதரம் விட்டால் வராமல் தடுக்கலாம். 4 கிழமை தாண்டின குட்டியை அது அவ்வளவாக வருத்தாது.

இனிச் செய்ய வேண்டியது. ஈனுவதற்கு 10 முதல் 14 நாள் முன் தாய்க்குப் பூச்சி மருந்து. ஈனும் கூட்டுக்குள் விடமுன் முலையையும் வயிற்றையும் கால்களையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவு, முட்டை பசைபோல் ஒட்டியிருக்கும். மருந்து 1 வீத ஐவர்மெக்டின் ஊசி என்றால் 10 கிலோவுக்கு 0.3 மில்லிலீற்றர், தோலுக்குக் கீழே. கண்மதிப்பில் எடை போடாதே, குறைந்த மருந்து புழுவை உயிரோடு விடும். சாட்டைப் புழு என்ற இன்னொரு குடல் பூச்சிக்கு ஐவர்மெக்டினை நம்பமுடியாது. அதற்குப் பென்பெண்டசோல் மருந்தை, கிலோவுக்கு 3 மில்லிகிராம், 3 நாள் தொடர்ந்து தீனியில் கல. தடுப்பூசி இருந்தால் பூச்சியைக் கழித்தபின் போடு. புழுச்சுமையில் ஊசி சரியாக வேலை செய்யாது.

பினாயில் ஊற்றினால் முட்டை சாகாது. ஈர நிழலில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தரையைச் சுரண்டிக் கொதிநீர் ஊற்று. மாரி முடிந்ததும் கூரைத் தட்டியை விலக்கிப் பங்குனி வெயிலைத் தரையில் விழவிடு. பச்சை எருவை வெங்காயப் பாத்திக்கு அள்ளாதே. அந்தப் புழு மனிசருக்கும் தொற்றும், சின்னவன் மண்ணில் விளையாடுகிறான்.

அடுத்த பண்டி வெட்டும்போது ஈரலின் இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்பு. புள்ளிகளை எண்ணியும் எழுது.

அன்புடன்,
அப்பா