நம்ம மாவட்டத்து சீசன் தேதிகளையும் பேப்பர்ல போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை பிரான்ஸ் நாட்டு ஒயின் பத்தி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. படமெல்லாம் அருமை, ஆனா பூராவும் கண்ணாடி கிளாஸும் பழைய மாளிகையும் பாட்டில் விலையும்தான், அந்தப் பழத்தை விளைய வைக்கிறவங்க வருஷம் முழுக்க என்ன பாடுபடுறாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. அதான் எழுதுறேன். நான் குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பரும் தேன்பெட்டியும் வச்சிருக்கேன். மக பிரான்ஸ்ல டிஜோன்ங்கிற ஊர்ல குடியிருக்கா, அங்க குளிர்லயும் போயிருக்கேன், அறுவடை சமயத்துலயும் போயிருக்கேன். டிஜோன்ல இருந்து தெக்க போன்ங்கிற பழைய பட்டணம் வரைக்கும் ரோட்டுக்கு மேக்க சரிவு பூரா திராட்சைதான். நான் ஒயின் குடிக்கிறவன் இல்ல, அதனால செடியையும் ஆளுங்களையும்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.

ஜனவரியில அங்க ஒரு இலை கிடையாது, வெறும் கட்டை வரிசை வரிசையா நிக்கும். கை விரைச்சுப்போற அந்தக் குளிர்ல குனிஞ்சு ஒவ்வொரு கொடியா கவாத்து பண்றாங்க, போன வருஷத்துக் கொம்புல ஒண்ணு ரெண்டை வச்சுக்கிட்டு மத்ததை வெட்டி எடுக்கணும், எந்தக் கண்ணை விடணும் எதை நறுக்கணும்ங்கிறது இந்த வருஷத்துப் பழத்தோட அடுத்த வருஷத்துக் கொம்பையும் சேத்து யோசிச்சு செய்யவேண்டிய வேலை, கத்தி பிடிக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது. வெட்டின குச்சியை, தள்ளுவண்டி மேல பாதியா அறுத்த இரும்பு டிரம்முல போட்டு எரிச்சுக்கிட்டே அடுத்த கொடிக்கு நகருவாங்க, குளிர்காயவும் அதுதான். டிசம்பர்ல தொடங்கினா மார்ச் வரைக்கும் இதே வேலை. ஜனவரி 22 புனித வின்சென்ட் திருநாள், திராட்சை விவசாயிகளுக்கு அவர்தான் பாதுகாவலர், அன்னைக்கு சுரூபத்தைத் தூக்கிக்கிட்டு பவனி போவாங்க.

மார்ச்சுல வெட்டுன வாயில இருந்து தண்ணி சொட்டும், ஏப்ரல்ல தளிர் விடும், அப்பத்தான் பயமே. ஒரு ராத்திரி உறைபனி விழுந்தா தளிர் கருகிரும், அந்த வருஷம் போச்சு. 2021 ஏப்ரல்ல அப்படித்தான் நாடு முழுக்க அடிச்சுது. அதுக்காக ராத்திரி முழுக்க வரிசைக்கு நடுவுல பெரிய மெழுகு டின்னுகளைக் கொளுத்தி வைப்பாங்க, சில இடத்துல செடி மேல தண்ணியைத் தெளிச்சுக்கிட்டே இருப்பாங்க, தண்ணி உறையிறப்ப விடுற சூடு உள்ள இருக்கிற தளிரைக் காப்பாத்திரும், காலையில பாத்தா தளிர் ஐஸுக்குள்ள பத்திரமா இருக்கும். ஜூன்ல பூ, ஜூலை கடைசியில ஆகஸ்ட்ல பழம் நிறம் மாறும். பூவுல இருந்து அறுவடைக்கு சுமார் 100 நாள்னு அவங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க.

உங்க கட்டுரையில வராத இன்னொண்ணு, நம்ம விவசாயிக்கு நேரடியா சம்பந்தப்பட்டது. மிளகு வாட்டத்துக்கும் பாக்குக்கும் ரப்பர் இலை கொட்டலுக்கும் நாம துருசும் (மயில்துத்தம்) சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறோமே போர்டோ கலவை, அது பிரான்ஸ் திராட்சைத் தோட்டத்துல பிறந்ததுதான். 1882-ல போர்டோங்கிற பிரான்ஸ் நகரத்துக்கு வடக்க மெடோக் பக்கம், வழிப்போக்கர் பழத்தைப் பறிக்கக்கூடாதுன்னு ரோட்டோர வரிசைக்கு மட்டும் துருசும் சுண்ணாம்பும் கலந்து தெளிச்சிருந்தாங்க, நீலமா படிஞ்சிருந்தா ஒருத்தனும் தொடமாட்டான்னு. மில்லார்டேங்கிற தாவரவியல் பேராசிரியர் அந்த வழியா போறப்ப பாத்தா உள்ள இருக்கிற கொடியெல்லாம் பூஞ்சாணம் பிடிச்சு இலை கொட்டிக்கிடக்கு, ரோட்டோரம் மட்டும் பச்சையா நிக்குது. அவர் அதைச் சும்மா விடல, சோதனை பண்ணி 1885-ல முறையை வெளியிட்டார். 100 லிட்டர் தண்ணிக்கு ஒரு கிலோ துருசு ஒரு கிலோ சுண்ணாம்புன்னு நம்ம விளையில இன்னைக்கும் கலக்குறோம். அதுக்குக் கொஞ்ச காலம் முன்னால, 1860-கள்ல, அமெரிக்காவுல இருந்து வந்த ஒரு வேர்ப்பேன் பிரான்ஸ் திராட்சையை அழிச்சுக்கிட்டே வந்துது, கடைசியில அமெரிக்கக் கொடியோட வேர்ல தங்களோட கொடியை ஒட்டுக்கட்டித்தான் தப்பிச்சாங்க, இப்பவும் அங்க அநேகமா எல்லாக் கொடியும் ஒட்டுதான்.

அறுவடை செப்டம்பர்ல. ஷாம்பெய்ன்ங்கிற வட்டாரத்துல மெஷின் கூடாது, கையாலதான் வெட்டணும்னு சட்டமே இருக்கு. பழத்தைத் தொட்டியில போட்டதும் தோல்ல இருக்கிற ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு சாராயமாக்கும், கூடவே கரியமில வாயு கிளம்பும். கிறிஸ்துமஸுக்கு பரணியில திராட்சை போடுற வீட்டுக்காரங்களுக்கு அந்தக் குமிழி தெரியும், ஆனா ஆயிரக்கணக்கான லிட்டர் தொட்டி இருக்கிற ரூமுக்குள்ள அந்த வாயு கீழ தேங்கி ஆளையே கொன்னுரும், அதனால முந்தி மெழுகுவர்த்தி பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ள போவாங்களாம், நாம பாழுங்கிணத்துல இறங்குறதுக்கு முன்னால விளக்கு விட்டுப் பாக்குற மாதிரியே. மேல மிதக்கிற தோலை தினமும் அமுக்கி விடணும், பிறகு பிழிஞ்சு 228 லிட்டர் ஓக் பீப்பாயில மாத்தி, ஆவியாகிற அளவுக்கு அப்பப்ப ஊத்தி நிரப்பிக்கிட்டே வரணும். பாட்டில் கதையெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

அங்க எல்லாம் சுகம்னு நான் சொல்லல. 2023 செப்டம்பர்ல ஷாம்பெய்ன் அறுவடையில கொடும் வெயில்ல பழம் வெட்டப்போன கூலித் தொழிலாளிகள் சிலர் செத்துப்போனாங்க. போர்டோவுல ஒயின் விக்காம, 2023-ல அறிவிச்ச திட்டத்துல ஹெக்டேருக்கு 6,000 யூரோ வாங்கிக்கிட்டு கொடியைப் பிடுங்குனாங்க, ரப்பர் விலை விழுந்து மரத்தை முறிச்ச நமக்கு அந்த வேதனையை விளக்கவே வேண்டாம்.

நான் சொல்லவந்த முக்கியமான விஷயம் இதுதான். முன்னால சொன்ன போன் பட்டணத்துல அறுவடை தொடங்கின தேதியை 1354-ல இருந்து 2018 வரைக்கும் தொகுத்து 2019-ல ஆராய்ச்சிக்காரங்க வெளியிட்டாங்க. 1987 வரைக்கும் சராசரி செப்டம்பர் 28, 1988-க்குப் பிறகு 13 நாள் முன்னாலயே வந்துருச்சு, 2003 வெயில்ல ஆகஸ்ட்லயே வெட்டிட்டாங்க. காலநிலை மாறுதுன்னு சும்மா பேசுறது வேற, 600 வருஷத்துத் தேதியை எடுத்து மேசையில வைக்கிறது வேற. அந்தத் தேதியெல்லாம் எங்கேருந்து கிடைச்சுது தெரியுமா, பழம் வெட்டுனவங்களுக்குக் கூலி குடுத்த கணக்கு, நகரசபை தீர்மானம், அப்புறம் பேப்பர் செய்தி. ஆமா ஐயா, பேப்பர்ல வந்த சின்னச் சின்ன செய்திதான்.

நம்ம மாவட்டத்துல பேச்சிப்பாறை அணை திறக்கிற தேதியை நீங்க தவறாம போடுறீங்க, நல்ல காரியம், வருங்காலத்துக்கு அது நிக்கும். ஆனா கன்னிப்பூ நெல் விதைச்ச தேதி, கும்பப்பூ நெல் அறுத்த தேதி, ரப்பர் இலை உதிர்ந்து புதுத்தளிர் விட்ட தேதி, அந்தத் தளிர்ல தேனீ இறங்கி முதல் தேன் எடுத்த தேதி, பனையில முதல் அக்கானி (பதநீர்) இறங்குன தேதி, இதெல்லாம் எங்கயாவது எழுதி இருக்கா? தளிர் நேரத்துல மழை பேஞ்சா தேன் போச்சுன்னு மார்த்தாண்டம் சுத்துவட்டாரத்துல தேன்பெட்டி வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும், எந்த வருஷம் எப்ப பேஞ்சுதுன்னு கேட்டா ஆளுக்கொரு பதில் வரும், நஷ்டஈடு கேட்டு ஆபீசுக்குப் போனாலும் கையில காட்ட ஒண்ணும் இருக்காது. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சு ரப்பரும் வாழையும் சாஞ்சப்ப அது நல்லா புரிஞ்சுது, மட்டி வாழைக்கும் கிராம்புக்கும் புவிசார் குறியீடு வாங்கியாச்சு சந்தோஷம், ஆனா அந்தப் பயிரோட வருஷக் கணக்கு நம்மகிட்ட இல்ல.

அதனால வாரத்துக்கு ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்க, நாலு வரி போதும், இந்த வாரம் எந்த ஊர் விளையில என்ன நடந்துதுன்னு ஊர்ப்பேரும் தேதியும் சேத்து. நிருபர் கூட வேண்டாம், வாசகர்களே அனுப்புவாங்க. எங்க பக்கத்து ரப்பர் தளிரும் முதல் தேனும் நான் எழுதி அனுப்புறேன், நெல்லுக்கு தோவாளை, பூதப்பாண்டி பக்கத்து ஆளுங்க இருக்காங்க. அக்கானிக்கு மட்டும் உங்க நிருபர் நேர்ல போய் பனையேறுறவங்ககிட்ட கேக்கணும், ஏறுற ஆளுங்க வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க, அதனால அடுத்த சீசனுக்குன்னு தள்ளிப்போடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு ரப்பர் விவசாயி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்