கொடுத்த சட்டமே பறித்தது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க வாக்குரிமை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முதலில் நிலம் வைத்திருந்தவர்கள், அப்புறம் ஏழை வெள்ளையர்கள், பிறகு கறுப்பின ஆண்கள், கடைசியில் பெண்கள் என உரிமை படிப்படியாக வந்ததாக எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். என்னால் இதை ஏற்க முடியவில்லை. வாக்கு வைத்திருந்தவர்களிடமிருந்து அது பிடுங்கப்பட்டதும் அதே காலத்தில்தான். பல இடங்களில் அதே சட்டத்தால்தான்.

நியூ ஜெர்சியின் 1776 அரசியல் சாசனம், ஐம்பது பவுண்டு சொத்துள்ள குடியிருப்பாளர் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தது. கைம்பெண்களும் மணமாகாத பெண்களும் கறுப்பினத்தவர் சிலரும் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். (மணமான பெண்ணின் சொத்து சட்டப்படி கணவனுடையது என்பதால் அவளுக்கு வழியில்லை.) 1807-இல் எசெக்ஸ் மாவட்ட நீதிமன்றம் எந்த ஊரில் அமைவது என்று வாக்கெடுப்பு நடந்தது. போட்டியிட்ட இரு ஊர்களிலும் கள்ள ஓட்டு தாராளமாக விழுந்தது. ஆண்களே பெண் வேடத்தில் வந்து மறுபடி வாக்களித்ததாகக்கூடப் புகார். பழி பெண்கள் மேலும் கறுப்பினத்தவர் மேலும் விழுந்தது. அந்த ஆண்டு இறுதியில் வந்த சட்டம், வரி கட்டும் வெள்ளை ஆணுக்குச் சொத்து நிபந்தனையைத் தளர்த்தியது. மற்றவர்களின் வாக்கைப் பறித்தது. நியூ ஜெர்சிப் பெண்கள் முழு வாக்குரிமையைத் திரும்பப் பெற 1920 வரை காத்திருந்தார்கள்.

நியூயார்க்கின் 1821 சாசனமும் இதே ரகம்தான். வெள்ளையருக்குச் சொத்துத் தகுதி போயிற்று. கறுப்பினத்தவருக்கு 250 டாலர் மதிப்புள்ள நிலம் வேண்டும் என்றானது.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது ரோட் ஐலண்டின் டார் கிளர்ச்சி. 1663-இல் இங்கிலாந்து மன்னர் கொடுத்த பட்டயத்தை வைத்தே 1840-களிலும் அங்கே ஆட்சி நடந்தது. வாக்களிக்க 134 டாலர் நிலம் வேண்டும். ஆலைத் தொழிலாளிக்கு அது எங்கே கிடைக்கும்? தாமஸ் வில்சன் டார் தலைமையில் 1841-இல் மக்கள் தாங்களே ஒரு சாசனம் எழுதினார்கள். மறு ஆண்டு பழைய பட்டயத்தின்படி ஒருவர், புதிய சாசனத்தின்படி டார் என ஒரே மாநிலத்துக்கு இரண்டு ஆளுநர்கள். மே மாதத்தில் ஓர் இரவு, பிராவிடன்ஸ் ஆயுதக் கிடங்கின் எதிரே டாரின் ஆட்கள் பீரங்கியை நிறுத்தித் தீ வைத்தார்கள். அது வெடிக்கவே இல்லை. 1844-இல் டாருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அடுத்த ஆண்டே விடுதலையானார்.

என் வருத்தம் வேறு. அந்த மக்கள் சாசனம் எழுதப்பட்டபோது, தங்களையும் சேர்க்கச் சொல்லிக் கறுப்பின மக்கள் மனுக் கொடுத்தார்கள். டார் ஆதரித்தார். மாநாடு மறுத்துவிட்டது. அதனால் கறுப்பின மக்கள் பழைய பட்டய அரசின் பக்கம் போய் நின்றார்கள். யார் அவர்களைக் குறை சொல்ல முடியும்? 1843-இல் வந்த புதிய சாசனம் கறுப்பின ஆண்களுக்கு வாக்குக் கொடுத்தது. ஆனால் வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை பெற்றவர்களுக்கு மட்டும் அந்த 134 டாலர் நிபந்தனையை விட்டுவைத்தது. அயர்லாந்திலிருந்து வந்த தொழிலாளிகளைக் குறிவைத்த ஏற்பாடு இது. 1888 வரை நீடித்தது.

போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகள் உங்கள் இதழைக் குறிப்பெடுத்துப் படிக்கிறார்கள். அடுத்த இதழில் இந்த மூன்று மாநிலங்களைப் பற்றி அரைப் பக்கமாவது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
காரைக்குடி