ஸ்டப் ஜோன்தான் எப்பவும் மேல்னு சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரெண்டு கம்பெனி ஒண்ணா சேரும்போது டிஎன்எஸ்ஸை, அதாவது கம்ப்யூட்டர் பேரை ஐபி முகவரியா மாத்தித் தர்ற அமைப்பை, எப்படி இணைக்கிறதுன்னு போன வாரம் உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு கட்டுரை வந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கடைசில "ஸ்டப் ஜோன் தானாவே அப்டேட் ஆகிக்கும், அதனால கண்டிஷனல் ஃபார்வர்டரை விட அதுதான் மேல்"னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. ரெண்டுமே எதிர்ப்பக்கத்துப் பேரைத் தேட நம்ம டிஎன்எஸ் சர்வருக்கு வழி காட்டறதுதான்: ஸ்டப் ஜோன் அவங்க நேம் சர்வர் லிஸ்ட்டை வாங்கி வச்சுக்கும், கண்டிஷனல் ஃபார்வர்டர் அந்த டொமைனுக்கான கேள்வியை நாம குடுத்த ஐபிக்கு அனுப்பும். கட்டுரை சொன்னதை அப்படியே நம்பிச் செஞ்சா பலபேர் மாட்டிக்குவாங்க, அதான் எழுதுறேன்.

தானா அப்டேட் ஆகும்ங்கறது உண்மைதான். அந்தப் பக்கத்து டொமைனோட எஸ்ஓஏ ரெக்கார்டு (டொமைனோட அடிப்படை விவரம்), என்எஸ் ரெக்கார்டு (அதுக்குப் பதில் சொல்ற நேம் சர்வர்களோட பேர்), அந்த நேம் சர்வர்களோட ஐபி, ஸ்டப் ஜோன்ல இவ்ளோதான் இருக்கும், எஸ்ஓஏல போட்டிருக்கற ரெஃப்ரெஷ் நேரப்படி மாஸ்டர்கிட்ட (நாம குறிச்சு வச்ச அவங்க சர்வர்கிட்ட) போய் திரும்ப வாங்கிக்கும். அவங்க புது நேம் சர்வர் போட்டாலும் பழசைத் தூக்கினாலும் நமக்கு யாரும் மெயில் போட வேண்டியதில்ல.

ஆனா அதுக்கப்புறம் நடக்கறதுதான் கட்டுரைல விட்டுப்போச்சு. க்ளையன்ட் ஒரு பேரைக் கேட்டா நம்ம சர்வர் அந்த என்எஸ் லிஸ்ட்ல இருக்கறதுல எதுகிட்ட வேணும்னாலும் நேரா போய் கேக்கும், அப்போ லிஸ்ட்ல இருக்கற அத்தனை சர்வருக்கும் யூடிபி, டிசிபி ரெண்டுலயும் டிஎன்எஸ் பேசற போர்ட் 53 திறந்திருக்கணும். ஆக்டிவ் டைரக்டரி (யூசர், கம்ப்யூட்டர் கணக்கெல்லாம் வைக்கற மைக்ரோசாஃப்ட் அமைப்பு) இருக்கற கம்பெனில ப்ராஞ்சுக்கு ஒரு டொமைன் கன்ட்ரோலர், அதாவது அதை நடத்தற சர்வர், வச்சிருப்பாங்க, அதுலயே டிஎன்எஸ்ஸும் ஓடும், அது எல்லாமே அந்த லிஸ்ட்ல வந்து உக்காந்துக்கும். ஃபயர்வால் டீம் திறந்து விட்டது ஹெட் ஆபீஸ் ஐபி ரெண்டுக்கு மட்டும்தான்னா, ஒரு நேரம் பேர் உடனே கிடைக்கும், ஒரு நேரம் இழுத்துக்கிட்டே இருக்கும், யூசர் "நெட் ஸ்லோ"ன்னு டிக்கெட் போடுவாங்க, நாம என்எஸ்லுக்அப்ங்கற டிஎன்எஸ் சோதனைக் கட்டளை போட்டுப் பாத்தா அப்பன்னு பாத்து ஒழுங்கா பதில் வரும். இதைவிட மோசம் நேட், அதாவது நடுவுல ஐபியை வேற ஐபியா மாத்தி விடறது. ரெண்டு கம்பெனியும் 10.0.0.0 ரேஞ்சையே வச்சிருந்தா நடுவுல நேட் போட்டுத்தான் இணைப்பாங்க, ஆனா ஸ்டப் ஜோனுக்கு வர்றது அவங்களோட உள் ஐபி, நம்ம பக்கத்துல அது ஏதாவது பிரிண்டரா இருக்கும்.

கண்டிஷனல் ஃபார்வர்டர் அந்த என்எஸ் லிஸ்ட் பக்கமே போகாது, நாம குடுத்த ஐபிகிட்ட கேட்டுட்டு முழுப் பதிலுக்காகக் காத்திருக்கும், நேட் ஐபியையே குடுத்துக்கலாம். அவங்க சர்வரை மாத்தினா நாமதான் கையால மாத்தணும், அது தொல்லைதான், ஆனா விண்டோஸ் சர்வர் 2008லேர்ந்து இதை ஆக்டிவ் டைரக்டரிக்குள்ளயே சேவ் பண்ணலாம், ஒரு இடத்துல மாத்தினா மத்த டொமைன் கன்ட்ரோலருக்கும் போயிடும். 2003ல மாதிரி ஒவ்வொரு சர்வரா ஏறி இறங்க வேண்டாம்.

க்ளவுடுன்னு வந்துட்டா பேச்சே இல்ல. அஸூர் (மைக்ரோசாஃப்ட் க்ளவுட்) பிரைவேட் எண்ட்பாயிண்ட், அதாவது க்ளவுட் சேவைக்குக் குடுக்கற உள் ஐபி, அதோட பேரை நம்ம ஆபீஸ்லேர்ந்து எடுக்க ஸ்டப் ஜோன் உதவாது, அவங்க டிஎன்எஸ் ஐபியான 168.63.129.16 வீநெட்டுக்கு (க்ளவுடுல நமக்குன்னு இருக்கற தனி நெட்வொர்க்குக்கு) உள்ள இருந்து கேட்டாத்தான் பதில் சொல்லும். அங்க பிரைவேட் ரிசால்வர்ங்கற அவங்க டிஎன்எஸ் சேவையோட இன்பவுண்ட் எண்ட்பாயிண்டுக்கு (வெளிலேர்ந்து கேள்வி வாங்கற ஐபிக்கு) ஃபார்வர்டர் போடறது ஒரு வழி, அதுவும் ப்ளாப் ஸ்டோரேஜ்னா ப்ளாப்.கோர்.விண்டோஸ்.நெட்ங்கற பப்ளிக் பேருக்குப் போடணும், முன்னாடி பிரைவேட்லிங்க் சேர்த்த பேருக்கு இல்ல. இதுல தடுமாறாத ஆளே கம்மி.

அதுக்காக ஸ்டப் ஜோன் வேஸ்ட்னு சொல்லல. ஒரே கம்பெனி, சைல்டு டொமைனை (நம்ம டொமைனுக்குக் கீழ இருக்கற உட்பிரிவை) வேற டீமுக்கு ஒப்படைச்சு டெலிகேட் பண்ணியாச்சு, உள்ள எல்லா ரூட்டும் திறந்திருக்குன்னா அங்க ஸ்டப்தான் சரி, அங்கயும் ஃபார்வர்டர் போட்டு ஐபி மாறும்போதெல்லாம் ஓடறது தேவையில்லாத வேலை.

கட்டுரை எழுதினவர்கிட்ட சொல்லி, ஸ்டப் போடறதுக்கு முன்னாடி எதிர்ப்பக்கத்து என்எஸ் லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொரு ஐபிக்கும் போர்ட் 53 போகுதான்னு பாத்துக்கங்கன்னு ஒரு வரியாவது அடுத்த வாரம் போடச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன், ஒரு சிஸ்டம் அட்மின்