மஞ்சள் சட்டையும் வாரியத்தின் கணக்கும்

ஆசிரியருக்கு,

ஐபிஎல் ஏலத்தில் ஒரு வீரர் 27 கோடி ரூபாய்க்குப் போனார் என்றால் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்தப் பணத்தைக் கையாளும் கிரிக்கெட் வாரியத்தை யார் கேள்வி கேட்பது என்பதையும் கொஞ்சம் எழுதுங்கள்.

2008-இல் நடந்ததை நான் மறக்கவில்லை. வாரியப் பொறுப்பில் இருப்பவர் வாரியத்தின் போட்டிகளில் வணிக ஆதாயம் தேடக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அப்போது பொருளாளராக இருந்த என். சீனிவாசனின் இந்தியா சிமென்ட்ஸ் சென்னை அணியை வாங்கியிருந்தது. அப்புறம் அந்த விதியையே திருத்தி, ஐபிஎல் போன்ற போட்டிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அந்தத் திருத்தம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2015 ஆகிவிட்டது. சூதாட்டப் புகாரில் சென்னை அணி இரண்டு ஆண்டுகள் ஆடவில்லை. சேப்பாக்கத்தில் முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு நின்ற பிள்ளைகள் என்ன தப்பு செய்தார்கள்? என் மகனும் அதில் ஒருவன். இரண்டு வருடமும் அந்தச் சட்டை பீரோவில் மடித்தபடியே கிடந்தது.

சரி, அதோடு திருந்தினார்களா? தொடர்ந்து பதவியில் இருந்த நிர்வாகிகள் சில காலம் நாற்காலியைவிட்டு விலகி நிற்க வேண்டும் என்ற விதியை 2022-இல் உச்ச நீதிமன்ற அனுமதி வாங்கித் தளர்த்திக்கொண்டார்கள். 2025-இல் வந்த விளையாட்டு நிர்வாகச் சட்டமோ, அரசு நிதி பெறும் அமைப்புகளுக்கு மட்டும்தான் தகவல் உரிமைச் சட்டம் பொருந்தும் என்கிறது. வாரியம் அரசிடம் கை நீட்டுவதில்லை, எனவே தப்பித்துவிட்டது. ஆனால் இந்தியாவின் பெயரில் அணியை அனுப்புவது அதுதானே? தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து வாரியம் தப்பிக்கும் அந்த விலக்கை நாடாளுமன்றம் நீக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
திருவல்லிக்கேணி