ஆற்றங்கரைக்குப் போய் வந்தோம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நலம். போன வாரம் போனில் நீ சொன்ன ஒரு வார்த்தை மனதிலேயே கிடக்கிறது. "சிங்கப்பூர்ல பழசுன்னு என்னம்மா இருக்கு, எல்லாம் நேத்துக் கட்டினதுதானே" என்றாய். அதற்கு அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் பிள்ளைகளோடு வந்து எங்களைச் சிங்கப்பூர் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார்கள். ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கிக் கொஞ்ச தூர நடைதான். அப்பாவுக்கு முட்டி வலி, கைத்தடியோடு மெதுவாக வந்தார். நான் நேரே ஃபுல்லர்ட்டன் வாசலில் போய் நின்றேன். "பாட்டி இங்கதான் வேலை பார்த்தேன்" என்றதும் சின்னவள் அண்ணாந்து பார்த்து, "ஹோட்டல்லயா பாட்டி?" என்றாள். 1928ல் திறந்த கட்டடம் அது. 1996 வரை அங்கேதான் பெரிய போஸ்ட் ஆபிஸ் இருந்தது. 2001லிருந்துதான் ஹோட்டல். நான் தபால் பிரிக்கச் சேர்ந்தது 1979ல், இருபது வயதில்.

அப்போதெல்லாம் ஆற்றுப் பக்கம் மூச்சு விட முடியாது தம்பி. தண்ணீர் கறுத்துக் கிடக்கும். நீர் வற்றினால் சேறு தெரியும். அழுகிய காய்கறி, எண்ணெய், சாக்கடை எல்லாம் சேர்ந்த ஒரு வாடை. வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் சேலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தக் கறுப்புத் தண்ணீரின் மேல்தான் போட் கீ கரை முழுக்கத் தொங்கான்கள், அந்தச் சரக்குப் படகுகள், ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நிற்கும். முகப்பில் இரண்டு கண் வரைந்திருப்பார்கள். படகுக்கும் கரைக்கும் நடுவே ஒற்றைப் பலகை. தோளில் மூட்டையோடு ஆள் நடக்க நடக்க அது வளையும், அவர் கரையில் கால் வைத்ததும் துள்ளி நிமிரும். சாப்பாட்டு நேரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருவர்கூடத் தடுமாறி நான் பார்த்ததில்லை.

பத்து வருஷத்தில் இந்த ஆற்றில் மீன் பிடிக்கலாம் என்று 1977ல் பிரதமர் லீ குவான் இயூ சொன்னபோது எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. 1983ல் தொங்கான்களையெல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றினார்கள். ஒரு நாள் காலையில் வேலைக்கு வருகிறேன், ஆறு வெறிச்சென்று கிடக்கிறது. நாற்றம் தொலையட்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டவள் நான். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் படகுக்காரர்கள் இனி என்ன செய்வார்கள் என்ற நினைப்பு. 1987க்குள் ஆறு சுத்தமாகிவிட்டது. செய்ய வேண்டிய வேலைதான், நன்றாகவே செய்தார்கள். அந்த அழுகையும் பொய்யில்லை.

பிறகு காவெனா பாலத்துக்குப் போனோம். 1869ல் கட்டியது. ஹார்பரில் வேலை முடிந்து அப்பா எனக்காகக் காத்திருந்த இடம் அதுதான், உனக்குச் சொல்லியிருக்கிறேனா? பாலத்து முனையில் பழைய போலீஸ் அறிவிப்பு இன்னும் இருக்கிறது: மூன்று ஹண்ட்ரட்வெயிட், அதாவது 150 கிலோ சொச்சத்துக்கு மேல் பாரமுள்ள வண்டி போகக்கூடாது, மாடும் குதிரையும் போகக்கூடாது. பேரன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இங்க மாடு வந்துச்சா தாத்தா?" என்றான். அப்பா தடியை ஊன்றி நின்று அவனுக்கு எல்லாம் சொன்னார். பாலம் தாழ்வு என்பதால் நீர் ஏறினால் படகு அடியில் நுழைய முடியாது, வற்றும்வரை காத்துக் கிடக்கும் என்றார். "இப்ப ஏன் ஏறல?" என்றான். 2008ல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு கடல் உள்ளே வருவதில்லை, இப்போது இது நாம் குடிக்கிற தண்ணீர் என்றார். கரைப் படிகளைக் காட்டி, "இதெல்லாம் தினமும் முங்கி முங்கி எழும்பும்" என்று சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் கம்மியது.

ஆற்றில் குதிக்கிற ஐந்து பையன்கள் சிலை பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. அப்பாவுக்குப் பிடித்தது எதிர்க்கரையில், ஆசிய நாகரிக அரும்பொருளகத்துப் பக்கம் இருக்கிற செட்டியார் சிலை. உன் தாத்தா மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கியில் சமைத்தவர் இல்லையா, சின்ன வயதில் அப்பா அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தாராம். செட்டியாரின் சின்ன மேசையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அந்தக் கிட்டங்கியை இடித்துவிட்டார்கள். அந்த ஒன்றில் நீ சொன்னது சரிதான். ஆனால் பக்கத்திலேயே சூலியா ஸ்திரீட் இருக்கிறது. ஆரம்பத்தில் இந்த ஆற்றில் சரக்குப் படகு தள்ளியவர்களில் நம் தென்னிந்திய ஆட்கள்தான் அதிகம். சூலியா என்பது அவர்கள் பேர். அந்தத் தெருவை எத்தனை தடவை கடந்திருப்பாய், நான் உனக்கு இதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

மரத்தடியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். உனக்குப் பிடித்த மாதிரி கருக வறுத்திருந்தேன்.

டிசம்பரில் வரும்போது ஒரு சாயங்காலம் எங்களுக்கென்று ஒதுக்கி வை. ஆறு மணிக்கு வெயில் தாழ்ந்துவிடும். அப்பா பாலத்தில் நிற்பார். நாம் இரண்டு பேரும் போஸ்ட் ஆபிஸ் வாசலிலிருந்து நடந்து வருவோம்.

அன்புடன்,
அம்மா